ஹெலிகாப்டருக்குக் கீழே அம்மா

என் கேமராவில் அம்மா இருக்கிற படங்கள் நிறைய உண்டு. எல்லாவற்றிலும் அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேராக நம்மைப் பார்க்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. அம்மா இறந்த அன்று மாலை, ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழன் போன் செய்து, "மச்சான், நேரா பாக்குற மாதிரி ஒரு போட்டோ அனுப்புடா, தெருமுனைல வெக்கணும்ல" என்று கேட்டபோதுதான் அது எனக்கு உறைத்தது.

நாங்கள் குடியிருப்பது அண்ணனூரில், மின்சார ரயில்களை நிறுத்தும் கார் ஷெட்டுக்குப் பக்கத்துத் தெரு. ஆவடிப் பக்கம் அணிவகுப்பு, விழா என்று ஏதாவது வந்தால் அதற்குச் சில நாட்கள் முன்பே எங்கள் தலைக்கு மேல் ஒத்திகை தொடங்கிவிடும். மூன்று ஹெலிகாப்டர்கள் வரிசையாக வரும். முதல் ஹெலிகாப்டருக்கு அடியில் தேசியக் கொடி தொங்கும். அது காற்றில் சுருண்டுகொள்ளாமல் இருக்க, கீழே ஒரு கனத்தைக் கட்டியிருப்பார்கள். கார் ஷெட்டின் நீண்ட கூரைக்கு மேல் முதலில் புள்ளியாகத் தெரிந்து, நாம் எச்சில் விழுங்குவதற்குள் மாடிக்கு மேல் வந்து நிற்கும். பாத்திரங்கள் அதிரும். தெருநாய்கள் ஊளையிடும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடுவாள்.

பள்ளியில் படிக்கும்போதே பேப்பரில் வருகிற விமானப் படங்கள்மேல் எனக்குப் பைத்தியம். விழா மேடைக்கு மேல் உரசுவதுபோல் போகிற போர் விமானம், நிமிர்ந்து நிற்கும் சிப்பாயின் தொப்பிக்கு மேல் பாய்கிற விமானம். வேலைக்குப் போய் ஒரு பழைய கேமராவும் ஜூம் லென்ஸும் வாங்கியபின் அதேபோல் எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. ஹெலிகாப்டர் காதைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும், படத்தில் பார்த்தால் வெயிலில் பறக்கிற காக்காய் மாதிரி இருக்கும். அப்புறம்தான் புரிந்தது, பேப்பர் படங்களில் விமானத்துக்குக் கீழே எப்போதும் ஏதோ ஒன்று இருந்தது. தொப்பி, கொடிக்கம்பம், கூட்டம். கீழே ஒன்று இருந்தால்தான் மேலே போவது எவ்வளவு தாழப் போகிறது என்று தெரியும்.

எங்கள் மாடியில் இருந்தது ஒரு கருப்புத் தண்ணீர் டேங்க். டேங்க் மட்டும் போதவில்லை. ஆள் வேண்டியிருந்தது.

"யம்மா, டேங்க் பக்கத்துல நின்னுக்கோ. நான் ரெண்டு ஊடு தள்ளி மாடில இருந்து எடுக்குறேன்."

"நான் இன்னாத்துக்குடா?"

"சும்மா நில்லு. ஹெலிகாப்டர் எவ்ளோ கீழ வருதுன்னு தெரியணும்."

"அப்போ நானும் இந்த டேங்கும் ஒண்ணா உனுக்கு?"

"டேங்க் இவ்ளோ பேசாதும்மா."

"பேசறதாலதான் உனுக்கு சோறு கீது" என்று சொல்லிவிட்டுப் போய் நின்றாள்.

அம்மா ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். கேமரா என்றாலே அவளுக்கு ஆகாது. நான் சின்னவனாக இருந்தபோது குழாயடியில் வழுக்கி விழுந்ததில் அவளுக்கு முன்பல் இரண்டு போய்விட்டது. அதன்பிறகு சிரித்தால் முந்தானை வாய்க்குப் போகும். போனைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "பல்லு போன மூஞ்சிய எவன் பாப்பான்?" என்பாள். அக்கா கல்யாண ஆல்பத்தை இன்றைக்குப் புரட்டினாலும் அம்மா எங்கேயோ ஓரத்தில், யாருடைய தோளுக்கோ பின்னால், வாயைப் பொத்திக்கொண்டுதான் இருக்கிறாள். ஹெலிகாப்டர் படத்துக்கு மட்டும் வந்தாள். எடுப்பது ஹெலிகாப்டரைத்தானே என்ற தைரியம். அது வந்துவிட்டாலோ கேமரா இருப்பதே அவளுக்கு மறந்துவிடும். முதுகுப் பக்கமிருந்து வந்து அவள் தலையைத் தாண்டி என்னை நோக்கிப் பறக்கும். அவள் ஒரு கையால் டேங்கைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தபடியே பார்ப்பாள். முந்தானை வாய்க்கு வராமல் கீழே தொங்கும்.

தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுத்தால் ஹெலிகாப்டர் டேங்குக்கு மேலேயே உட்காரப் போகிற மாதிரி தெரியும். ஃப்ளெக்ஸ் கடைத் தோழன் முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "மாமே, இன்னும் கொஞ்சம் கீழ வந்திருந்தா உங்கம்மா கொண்டைய புடுங்கினு போயிருக்கும்டா" என்றான். அம்மாவிடம் சொன்னேன். "அவன வரச்சொல்லு, அவன் கொண்டைய நான் புடுங்குறேன்" என்றாள். அவனுக்கு அப்போதே தலையில் பாதி முடி இல்லை.

ஒத்திகை எந்த நாள் என்று எனக்குச் சொல்வதும் அம்மாதான். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸில் அவள் வீட்டுவேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதில் ஒரு வீட்டுக்காரம்மா திருநெல்வேலிப் பக்கத்தவர். அவருடைய கணவர் மூலமாகத் தெரியவரும். "நாளைக்குக் காலைல வருதாம், அந்தம்மா சொன்னாங்க. கேமராவுக்கு சார்ஜ் போட்டியா?" என்று வேலை முடிந்து வந்ததும் வராததுமாகக் கேட்பாள்.

போன வருஷம் தை மாதத்தில் எடுத்ததுதான் இருப்பதிலேயே நல்ல படம். கொடி முழுதாக விரிந்திருந்தது. ஹெலிகாப்டரின் வயிற்றுப்புறத்தில் இருந்த கறைகூடத் தெரிந்தது. கீழே டேங்க், டேங்கைப் பிடித்தபடி அம்மா, பச்சைப் புடவை. நெல்லைக்காரம்மா அதை என் போனில் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டு ஹாலில் மாட்ட ஒரு பெரிய பிரின்ட் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவர் வீட்டுச் சுவரில் என் படம்!

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "என்ன வெட்டிட்டுக் குடுடா."

"ஏம்மா? நீ இருந்தாத்தான் படமே நல்லாருக்கு."

"அவங்க ஊட்டு ஹால்ல நான் வாயப் பொளந்துகினு நிக்கவா? பாத்திரம் தேய்க்கிறவள சொவத்துல மாட்டிகினு அவங்க இன்னா பண்ணுவாங்க? வெட்டிட்டுக் குடு. டேங்க் போதும்."

அவள் சொன்னபடியே செய்தேன். டேங்கின் விளிம்போடு படம் முடிந்தது. அவள் இருந்ததற்கு அடையாளமாக ஒன்றும் இல்லை, டேங்கைப் பிடித்திருந்த நாலு விரல்களைத் தவிர. தெரியாதவர்களுக்கு அது விரல் என்றே தெரியாது. அம்மா அந்தப் படத்தை வாரத்துக்கொரு தடவை ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். "இன்னிக்கு உன் ஹெலிகாப்டரத் தொடச்சேன்" என்று வந்து சொல்வாள்.

மார்கழியில் ஒரு நாள் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றவள் அப்படியே உட்கார்ந்தாளாம். ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஷிப்டில் இருந்தேன். அப்பா பாடிப் பக்கம் ஒரு லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் சாவு என்றால் பந்தல் போடுவதற்கு முன்பே தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வந்துவிடும். கண்ணீர் அஞ்சலி என்று மேலே எழுதி, நடுவில் படம், சுற்றிலும் உறவுக்காரர்களின் பெயர்கள். படம் இல்லாமல் ஃப்ளெக்ஸ் கிடையாது. நான் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து கேமராவையும் போனையும் துழாவினேன். ஹெலிகாப்டர், ஹெலிகாப்டர், ஜெட், ஹெலிகாப்டர். அக்கா வந்து பார்த்தாள். "அம்மா எதுலயுமே நம்மளப் பாக்கலயேடா" என்று அழுதாள்.

வேறு வழியில்லாமல் ஆதார் அட்டையில் இருந்த படத்தை அனுப்பினேன். தபால்தலை அளவுப் படம் ஆளுயரத்துக்குப் பெரிதானபோது கட்டம் கட்டமாக உடைந்துபோனது. ஃப்ளெக்ஸைக் கட்டிவிட்டு வந்த தோழன் என் கண்ணைப் பார்க்கவில்லை. அப்பா தெருமுனைக்குப் போய் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, "யார்றா இது?" என்று கேட்டார். இடுகாட்டுக்குப் போகும் வழியில் அந்த முனையைத் தாண்டும்போது அவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எடுத்து அடக்கம் செய்தபின் அப்பா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "பதினாறாம் நாளு படத் தொறப்பு வெக்கணும். அதுலயாவது அவ அவளா இருக்கணும்டா நைனா. அப்புறம் அந்தப் படந்தான் நமக்கு. வேற ஒண்ணும் இல்ல." நான் படித்தவன், கேமரா வைத்திருக்கிறவன். அந்த வீட்டில் இதைச் செய்ய என்னைவிட்டால் ஆள் இல்லை.

தை மாதத்து நல்ல படத்தை எடுத்துக்கொண்டு தோழனிடம் போனேன். அவன் இந்த முறை பார்த்துப் பார்த்துச் செய்தான். கம்ப்யூட்டரில் இப்போது புதிதாக வந்திருக்கிற ஏஐ மென்பொருளை வைத்து அம்மாவின் முகத்தை நேராகத் திருப்பினான். எங்கள் ஊர் ஸ்டூடியோக்களில் வழக்கமாகச் செய்வதுபோல் பட்டுப்புடவை உடுத்தினான், மயில் பார்டர். கழுத்தில் அட்டிகை, பின்னால் நீலத் திரை. சுருக்கம் எல்லாம் போய், நிறமும் ஒரு சுற்று வெளுத்து, அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தாள். முத்துப்போல் வரிசையாகப் பற்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அக்கா, "அழகா கீறாங்க" என்று மட்டும் சொன்னாள். அத்தைக்கு மிகவும் பிடித்துவிட்டது. "மகாலெச்சுமி மாதிரி கீறா அண்ணி. இதயே வெச்சிரு" என்றாள். அப்பா பிரின்ட்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"அவளுக்கு ஏதுடா இந்தப் பல்லு?" என்றார்.

பிரின்ட்டை என்னிடமே நீட்டினார்.

"இந்தப் பல்லு இருந்திருந்தா ஆயுசு முழுக்க வாயப் பொத்திகினு இருந்திருப்பாளா? இது வேற எவளோ. எடுத்துகினு போ."

தோழனுக்குக் கோபம் வரவில்லை. திரும்ப அந்தத் தை மாதத்துப் படத்தையே திறந்தான். "வேற வழி இல்ல மச்சான். கீறது இதான். அப்பிடியே வெச்சிரலாம். ஹெலிகாப்டர மட்டும் எடுத்துர்றேன். சாவு படத்துல ஹெலிகாப்டர் வாணாம்" என்றான். அம்மாவின் இடுப்புக்கு மேல், டேங்கின் ஓரத்தோடு படத்தை வெட்டினான். ஹெலிகாப்டரும் கொடியும் வெட்டுக்கு வெளியே போய்விட்டன. அண்ணாந்த முகம், திறந்த வாய், பற்கள் இல்லாத இடம், பச்சைப் புடவை, பின்னால் வெறும் வானம். நானும் அவனும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொண்டையைப் பற்றிச் சொன்னது அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "டீ குடிக்கலாமாடா?" என்று எழுந்து போனான். டீக்கடைப் பக்கம் போகாமல் தன் கடைக்குப் பின்னால் போய் நின்றான்.

பதினாறாம் நாள் படத்தை நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, வெள்ளைத் துணியால் மூடியிருந்தோம். அக்கா துணியை விலக்கியதும் சொந்தக்காரர்களிடையே ஒரு சலசலப்பு. "இன்னாடா இது, மேல இன்னா கீதுன்னு பாக்குது?" என்று யாரோ கேட்டார்கள். "நல்ல போட்டோ கெடைக்கலயா? கேமரா வெச்சினு சுத்துறான் பையன்" என்றது இன்னொரு குரல். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

குவார்ட்டர்ஸிலிருந்து நெல்லைக்காரம்மா வந்திருந்தார். பூவைப் போட்டுக் கும்பிட்டவர் நகரவில்லை. குனிந்து படத்தின் ஓரத்தைப் பார்த்தார். அம்மாவின் கை டேங்கைப் பிடித்திருக்கும் இடம்.

"தம்பி, இது நம்ம வீட்டுப் படம்லா?"

"ஆமாங்க" என்றேன்.

"இந்தக் கருப்பு டேங்கு... அந்த மூலையில என்னமோ இருக்கேன்னு நெனைப்பேன். விரலா அது?"

"ஆமாங்க. வெட்டித்தான் குடுத்தேன். அம்மாதான் வெட்டச் சொல்லிச்சு."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லலியே. வாராவாரம் என் கண்ணு முன்னாலதான துடைச்சாங்க. இவ்வளவு நல்லா எடுத்திருக்கான் உங்க பையன்னு நானும் வாராவாரம் சொன்னேன். சிரிச்சாங்க, வாயைப் பொத்திக்கிட்டு." படத்தின் ஓரத்தைத் தொட்டு, "பாதி அங்க இருக்கு, பாதி இங்க இருக்கு" என்றார். அதை என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. அன்று சாப்பிடாமல் போய்விட்டார். முழுப் படமாக இன்னொன்று போட்டுத் தருகிறேன் என்று வாசல்வரை போய்ச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது அந்த ஹாலில் அதுதான் இருக்கிறது. துடைப்பது யார் என்று நான் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் படத்தை மாட்டவேண்டும். எங்கள் வீடுகளில் இறந்தவர்களின் படத்தை வாசக்காலுக்கு மேலே மாட்டி, பின்னால் கயிறு விட்டு, முன்பக்கம் சற்றுச் சாய்ப்பார்கள். அப்போதுதான் அவர்கள் மேலேயிருந்து நம்மைக் குனிந்து பார்க்கிற மாதிரி இருக்கும். மாமா ஸ்டூல் போட்டு ஏறி அப்படியே மாட்டினார். எல்லோரும் பார்த்தோம். அம்மா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா கயிற்றை நீட்டினார், குறைத்தார். எவ்வளவு சாய்த்தாலும் அவள் பார்வை எங்கள் தலையைத் தாண்டிப் போனது. அக்கா உள்ளே போய்விட்டாள்.

"எறக்கு" என்றார் அப்பா.

மாமா இறக்கிக் கொடுத்ததை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கை வலித்திருக்கும். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்து காய் நறுக்குகிற, சாப்பிடுகிற, டிவி பார்க்கிற இடத்தில் தரையில் வைத்துச் சுவரில் சாய்த்தார். நிமிர்ந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, இந்த இடத்தில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து, வாயைப் பொத்த மறந்து, வந்துட்டியா என்று பார்ப்பாளே, அதே பார்வை.

"இங்கியே ஆணி அடிடா" என்றார் அப்பா.

அத்தை பதறினாள். "அண்ணாத்தே, செத்தவங்க படத்தக் காலாண்டையா மாட்டுவாங்க? ஊர்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். மேல மாட்டுனா ஃபேனப் பாக்குறா. ஃபேனுக்கா கட்டிக் குடுத்தாங்க அவள? இங்க எம்மூஞ்சியப் பாக்குறா."

முழங்காலுக்குச் சற்று மேலே ஆணி அடித்தேன். புது ஆட்கள் வந்தால் கொஞ்சம் விழிப்பார்கள். அக்காவின் குழந்தை மட்டும் அதற்கு நேராக உட்கார்ந்துகொண்டு கண்ணாடியில் விரலால் பொட்டு வைத்து விளையாடும்.

அந்த மாதக் கடைசியில் ஒத்திகை வந்தது. நாள் சொல்ல ஆள் இல்லாததால் எனக்குத் தெரியாது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கார் ஷெட் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. கேமராவைத் தூக்கிக்கொண்டு, அம்மாவை மேலே நிறுத்திவிட்டுப் போகிற பழக்கத்தில் எங்கள் மாடிப்படியில் பாதிவரை ஓடிவிட்டேன். மேலே டேங்குக்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்பது அங்கேதான் மண்டையில் ஏறியது. திரும்பி இறங்கி வந்தேன்.

ஹெலிகாப்டர் அதற்குள் வீட்டுக்கு மேலே வந்துவிட்டது. பாத்திரங்கள் அதிர்ந்தன. ஜன்னல் அதிர்ந்தது. தாழ மாட்டியிருந்த அம்மாவின் படம் ஆணியில் ஆடி, சட்டம் சுவரில் தடதடவென்று மோதியது. வேலைக்குக் கிளம்பிய அப்பா, கையிலிருந்த சாப்பாட்டுப் பையைக் கீழே போட்டுவிட்டு அதன் முன்னால் குந்தினார். இரண்டு உள்ளங்கையாலும் சட்டத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

முதலாவது போனது. இரண்டாவது போனது.

"இன்னும் ஒண்ணு கீது" என்றார், கையை எடுக்காமல்.